3ஜி நெட்வொர்க்கில் முடிவெடுப்பது யார்?

3ஜி என்றதும் வேகத்தைத்தான் பேசுவோம். அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், விடை ஓர் எளிய கேள்வியில் இருக்கிறது: நெட்வொர்க்கில் முடிவெடுக்கும் இடம் எது? 2001 அக்டோபரில் ஜப்பானின் டொகோமோ நிறுவனம் தொடங்கிய 3ஜி சேவையின் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். போனோடு ரேடியோவில் பேசுவது டவரில் உள்ள நோட் பி. பல நோட் பி-க்களை ஆள்வது ஆர்.என்.சி. அதற்கும் பின்னால் கோர் நெட்வொர்க். அங்கே குரல் எம்.எஸ்.சி. வழியாகவும், இன்டர்நெட் எஸ்.ஜி.எஸ்.என்., ஜி.ஜி.எஸ்.என். வழியாகவும் போகும்.

தொடக்கத்தில் யாருக்கு எந்தச் சேனல், எந்த டவருக்கு மாற்றுவது என்பதையெல்லாம் ஆர்.என்.சி.யே தீர்மானித்தது. அதற்குக் காரணம் உண்டு. 3ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்களும் ஒரே 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்க முடியும். டவர் எல்லையில் போன் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டவர்களோடு தொடர்பில் இருக்கும். அவற்றின் வழியே வந்து சேரும் ஒரே தகவலின் பிரதிகளில் பழுதில்லாததைத் தேர்ந்தெடுக்க, டவர்களுக்கு மேலே ஒரு கண்காணிப்பு தேவைப்பட்டது. ஓடும் பேருந்திலும் பேச்சு அறுபடாமல் இருக்க இந்த ஏற்பாடு பெரிதும் உதவியது.

ஆனால் எல்லா முடிவும் மேலே போய்வரக் காத்திருக்காது. போன் எவ்வளவு சக்தியில் அலையை அனுப்ப வேண்டும் என்ற கட்டளை விநாடிக்கு 1,500 முறை போகிறது. அதை முதலிலிருந்தே நோட் பி-தான் தந்தது; ஆர்.என்.சி. இலக்கை மட்டும் வகுத்தது. 2002இல் வந்த ஹெச்.எஸ்.டி.பி.ஏ. தரம் இதே வழியில் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது. எந்த போனுக்கு இப்போது டேட்டா அனுப்புவது, தவறிய பொட்டலத்தை எப்போது திருப்பி அனுப்புவது என்ற முடிவுகளை நோட் பி-யிடமே ஒப்படைத்தது. அதுவரை நடைமுறையில் விநாடிக்கு 384 கிலோபிட்டாக இருந்த வேகத்தின் உச்சவரம்பு, ஏட்டளவில் 14.4 மெகாபிட் ஆனது.

‘வேகம் கூடியது அதோடு வந்த புதிய மாடுலேஷனால், அதாவது அலையில் தகவலை ஏற்றும் புதிய முறையால்தானே?’ என்று கேட்கலாம். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் சிக்னல் நன்றாக இருக்கும் கணத்தில்தான் அந்த மாடுலேஷன் பயன்படும். அந்தக் கணத்தைப் பார்த்து 2 மில்லிவிநாடிக்கு ஒருமுறை முடிவெடுக்க அருகிலிருக்கும் நோட் பி-யால்தான் முடியும். ‘அப்படியானால் ஆர்.என்.சி. தவறான யோசனையா?’ இல்லை. குரல் அறுபடாமல் காக்க அது சரியான விடை. டேட்டா பெருகியபோது கேள்வியே மாறிவிட்டது. அதனால்தான் 4ஜியில் ஆர்.என்.சி. இல்லை, அதன் வேலைகளில் பெரும்பகுதி டவருக்கே போய்விட்டது. இனி எந்த நெட்வொர்க்கின் வரைபடத்தைப் பார்த்தாலும், பெட்டிகளின் பெயரை மனப்பாடம் செய்வதற்கு முன், எந்த முடிவை எந்தப் பெட்டி எடுக்கிறது என்று கேளுங்கள்.