ஜீப்புக்குள் இன்னொரு பற்றரி

நுரைச்சோலை லக்விஜய அனல் மின் நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் சேர்ந்தால் 900 மெகாவாட். நாட்டிலேயே மிகப் பெரிய மின் நிலையம் அது. ஆனால் 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது அதனால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. கடல்நீரை இழுக்கும் பம்பிகள், நிலக்கரியை அரைக்கும் ஆலைகள், உலைக்குக் காற்றூதும் விசிறிகள் எல்லாவற்றுக்கும் முதலில் வெளியிலிருந்து மின்சாரம் வந்தாக வேண்டும். நீர்மின் நிலையங்கள் முதலில் இயங்கி, மின்கட்டமைப்பு உயிர்பெற்ற பிறகே நுரைச்சோலை வேலைக்குத் திரும்ப முடிந்தது. அதற்கும் நாட்கள் சில ஆயின. அதுவரை நாட்டுக்கு மின்வெட்டுத்தான்.

மின்சாரம் தரும் இயந்திரத்தைத் தொடக்கவும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும் என்ற இதே சிக்கல், நுரைச்சோலை இருக்கும் புத்தளம் கரையில் ஓடும் ஒவ்வொரு ஜீப்பின் பொனட்டுக்குக் கீழேயும் இருக்கிறது. எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தைத் தாண்டி வில்பத்துக்குள் முகாமிடப் போகிறவர்களும், கண்டக்குழி, ஆலங்குடா மணலில் இரவு தங்குகிறவர்களும் இப்போது வாகனத்திலேயே சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றைக் கொண்டு போகிறார்கள். இரவு முழுக்க அது ஓடும், விளக்கு எரியும், நாலைந்து போன்கள் சார்ஜ் ஏறும். விடிந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒரே சத்தம். மணலில் ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது நடக்கிற காரியமல்ல. வில்பத்துக்குள் என்றால் ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது.

இதற்குப் பெரிய பற்றரி ஒன்றைப் போட்டால் போதாதா? கணக்கைப் பாருங்கள். டீசல் இஞ்சின் ஒன்றைத் தொடக்க ஸ்டார்ட்டர் மோட்டர் சுமார் 250 அம்பியர் இழுக்கும். மலைக்க வைக்கும் எண். ஆனால் மூன்று விநாடிதான். மணிக்கணக்கில் மாற்றினால் 0.2 அம்பியர்-மணி. ஃபிரிட்ஜ் ஓடும்போது இழுப்பதோ வெறும் 4 அம்பியர். இரவில் பாதி நேரம் மட்டும் ஓடினாலும் பத்து மணி நேரத்தில் 20 அம்பியர்-மணி கரைந்துவிடும். நூறு தடவை இஞ்சினைத் தொடக்கப் போதுமான மின்சாரம் அது.

ஆக, ஒன்று சில விநாடிகளின் பாய்ச்சல், மற்றது விடிய விடிய நடக்கும் கசிவு. இரண்டுக்கும் ஒரே விதமான பற்றரி சரிவராது. 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளான்டே ஈயத் தகடுகளைச் சல்பூரிக் அமிலத்தில் தோய்த்துச் செய்த அந்தக் கலம்தான் இன்றும் பெரும்பாலான பொனட்டுகளுக்குள் இருக்கிறது. ஸ்டார்ட் செய்வதற்கான பற்றரியில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். பரப்புக் கூடுவதால் ஒரே மூச்சில் பெரிய மின்னோட்டத்தைத் தரும். அதையே பாதிக்கும் கீழே வடித்துப் பழக்கினால் தகட்டுப் பூச்சு உதிரும். வடிந்த நிலையிலேயே கிடந்தால் ஈய சல்பேற்றுப் பளிங்குகள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. ஆழமாக வடிக்கவென்றே தடித்த தகடுகளோடு செய்யும் பற்றரி வேறு. இரண்டாவதாக வைக்க வேண்டியது அதைத்தான், அல்லது லித்தியத்தை.

“என் ஜீப்பில் ஏற்கெனவே இரண்டு பற்றரி இருக்கிறதே” என்பவர்கள் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் ஜீப்புகள் சிலவற்றில் இரண்டு 12 வோல்ட் பற்றரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். வேறு சிலவற்றில் பக்கம் பக்கமாக, சமாந்தரமாக இருக்கும். இரண்டுமே இஞ்சினைத் தொடக்குவதற்கான ஏற்பாடுதான். சமாந்தரத்தில் வடிந்தால் இரண்டும் சேர்ந்தே வடியும். 24 வோல்ட் ஜீப்பில் ஃபிரிட்ஜுக்காக ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது அதைவிட மோசம். அந்தப் பற்றரி பட்டினி கிடக்கும், மற்றதோ அளவு மிஞ்சிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். சில மாதங்களில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். 24ஐ 12 ஆக்கும் கருவி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

பிரித்து வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். இஞ்சின் ஓடும்போது இரண்டு பற்றரியும் அல்டனேட்டரில் சார்ஜ் ஏற வேண்டும், இஞ்சின் நின்றதும் ஒன்றையொன்று மறந்துவிட வேண்டும். கையால் திருப்பும் சுவிட்சும் இதைச் செய்யும், ஆனால் களைத்துப்போய் வந்த இரவில் திருப்ப மறந்தால் எல்லாம் வீண். டயோட் வைத்தால் மறதிக்கு இடமில்லை; ஆனால் சாதாரண டயோட் சுமார் 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். பெரும்பாலானோர் போடுவது வோல்ட்டளவை உணரும் ரிலே. ஏறத்தாழ 13.3 வோல்ட்டுக்கு மேல் போனால் இணைக்கும், 12.8க்குக் கீழே இறங்கினால் பிரிக்கும். இரண்டும் ஈயப் பற்றரி என்றால், பழைய ஜீப்புக்கு இதுவே போதும்.

லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வந்ததும் கணக்கு மாறுகிறது. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி 30 கிலோவை நெருங்கும், லித்தியம் அதில் பாதிகூட இல்லை. கொள்ளளவில் 80 வீதத்துக்கு மேல் பயமில்லாமல் எடுக்கலாம். ஆனால் சும்மா இருக்கும்போதே அதன் அளவு 13.3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பதால், அந்த ரிலே இஞ்சின் நின்ற பிறகும் பிரியாமல் கிடக்கலாம். லித்தியத்தின் உட்தடையும் மிகக் குறைவு, அல்டனேட்டர் தரக்கூடியதை எல்லாம் இழுக்கும். மணலில் மெதுவாக ஊரும் ஜீப்பில் அல்டனேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும், ஆகவே சூடேறிக் கருகும் அபாயம் உண்டு. லித்தியத்துக்கு மின்னோட்டத்தை அளந்து விடும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். எரிபொருள் மிச்சம் பிடிக்கத் தன் வோல்ட்டளவைத் தானே இறக்கும் அல்டனேட்டர் உள்ள புதிய வாகனங்களுக்கும் அதுவேதான்.

பற்றரியின் வகையைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், வயரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. புத்தளம் கரையில் தோற்பதோ பெரும்பாலும் வயர்தான் என்பது என் கருத்து. முன்னாலிருந்து பின்பெட்டிக்கு ஐந்து மீற்றர் என்றால், போக வரப் பத்து மீற்றர். 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 30 அம்பியர் போனால் வழியிலேயே 0.86 வோல்ட் தொலைந்துவிடும். அல்டனேட்டர் 14.2 தந்தாலும் பற்றரிக்குப் போய்ச் சேர்வது 13.3தான். ஈயப் பற்றரி அதில் ஒருபோதும் முழுமையாக நிரம்பாது. 16 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.32ஆகக் குறையும்.

இது புது வயரின் கணக்கு. பாலாவியில் உப்பு விளைவிக்கும் அதே வெயிலும் காற்றும் ஜீப்புக்குள்ளும் வேலை செய்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் உப்புப் படாத இடமே இல்லை. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 வீதமளவுக்கு ஏறினால்தான் கசியத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது 33 வீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதாவது இந்தக் கரையில் டெர்மினலின் மேல் படியும் உப்புப்படலம் நடுப்பகலிலும் காய்வதில்லை. மின்னைக் கடத்தும் ஈரம் அது. நேர்மின் இணைப்பில் செம்பு கரைந்து பச்சை பூக்கும், அது இழைகளுக்கிடையே ஊறி உறைக்கு உள்ளேயே வெகுதூரம் ஏறும். வெளியே பார்த்தால் வயர் நன்றாகவே இருக்கும். படகுகளுக்கென்று விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரை, விலை கூடினாலும், ஜீப்புக்கும் வாங்குங்கள். முனைகளைச் சரியான கருவியால் அழுத்தி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் மூட வேண்டும். நிலத்தொடுப்புக்கு துருப்பிடித்த சேசியை நம்பாமல் எதிர்மின் வயரையும் தனியாகவே இழுத்து வாருங்கள்.

எங்கே வைப்பது? பொனட்டுக்குள் இடம் இருந்தாலும் வேண்டாம் என்பேன். அங்கே வெப்பம் 60 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். ஈயப் பற்றரியின் ஆயுள், வெப்பநிலை ஏறத்தாழ பத்துப் பாகை கூடும்போதெல்லாம் பாதியாகும். லித்தியத்தைப் பெரும்பாலும் 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பின்பெட்டிதான் நல்லது, சப்பாத்துப் பாலத்து நீர் எட்டாத உயரத்தில், மேட்டில் துள்ளினாலும் அசையாத இரும்புத் தட்டில். தண்ணீர் ஊற்றும் ஈயப் பற்றரி என்றால் வெளியே காற்றுப்போக்கிக் குழாய் வேண்டும். சார்ஜ் ஏறும்போது அது ஐதரசனை விடும், காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்.

இரண்டு பற்றரியை இணைக்கும் வயருக்கு பியூஸும் இரண்டு வேண்டும், ஒவ்வொரு பற்றரிக்கும் பக்கத்தில் ஒன்று. நடுவில் எங்காவது வயர் உரசிச் சேசியைத் தொட்டால் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். ஒரு பக்கம் மட்டும் பியூஸ் போட்டால் மறுபக்கம் எரியும்.

வேலை முடிந்ததும் இஞ்சினை ஓடவிட்டு, இரண்டாவது பற்றரி வடிந்திருக்கும் நேரத்தில், ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். நல்ல இணைப்பில் வோல்ட்டின் நூறில் சில பங்குக்கு மேல் காட்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் பாருங்கள், பருவக்காற்று முடிந்த பின் கட்டாயம். எண் ஏறியிருந்தால் அந்த முனையைச் சுரண்டித் துடைத்துப் பயனில்லை. செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வெட்டிவிட்டுப் புதுமுனை போடுங்கள்.