காட்டின் அறிவுக்குக் கிடைத்த மரியாதை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் உள்ளது கல்லாறு. 2018இல் பத்மஸ்ரீ பெற்ற மூலிகை மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மா கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்த காணிப் பழங்குடிப் பெண்மணி.

காணி மக்களின் மூலிகை அறிவுக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் ஆய்வாளர்கள் நடந்து போனார்கள். அவர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்களோ சிறு செடி ஒன்றின் காயைத் தின்றபடி சோர்வில்லாமல் ஏறினார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. கல்லாற்றுக்கு அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. மருந்தைத் தயாரிக்கும் உரிமத்துக்குக் கிடைக்கும் தொகையில் பாதி காணி மக்களுக்கே என்று முடிவானது. அதற்காக 1997இல் அவர்களின் அறக்கட்டளை பிறந்தது.

அறிவைத் தந்தவருக்குப் பலனில் பங்கு என்ற இந்த நியாயத்தை, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் நாடு முழுமைக்கும் விதியாக்கியது. அதன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும். ஊரின் செடி, கொடி, மீன், பறவை, அவற்றைப் பற்றி மக்கள் அறிந்தவை எல்லாம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

எழுதி வைத்த செல்வத்தைக் காப்பது எளிது. நேயர்களே, உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த பச்சிலை ஒன்றாவது அதில் இடம்பெறட்டும்!