சாயமிடுவோர் கைநகம்

கணக்குத் தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில், பழைய பற்றுச்சீட்டில் ஒப்பமிட வந்த சாயத் தொழிலாளர் ஒருவரால் பேனாவைப் பிடிக்க இயலவில்லை. நகச்சுற்று வந்து சீழ் கட்டியிருந்தது. 12 நாட்களாக வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

காஸ்டிக் சோடா தோலையும் நகத்தையும் அரிக்கும். ஓயாத ஈரமோ நகத்தோரத் தோலைத் தளர்த்திக் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். விழுந்த கைநகம் முழுதும் வளர ஏறத்தாழ 6 மாதங்கள் ஆகும். ஆகவே ரப்பர் கையுறை அணிதல் வேண்டும். காரம் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுக. கறை போக்க மண்ணெண்ணெய் ஆகாது. இரவில் ஈரம் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுக. பிசிறிய நகம் பட்டிழையில் சிக்குவதைத் தறிக்காரர் அறிவர்.

கையுறை விலையைச் சங்கச் செலவில் எழுதலாமா என அவர் வினவினார். நிர்வாகக் குழுவின் தீர்மானம் இருப்பின் யாம் தடை கூறோம்.