ஸ்காட்லாந்தில் ஒரு ‘மெட்ராஸ்’: பழைய மாணவர் ரக்பிக் கழகத்தின் வரலாறு

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழம்பெரும் நகரம் ஒன்று உள்ளது. 1413ஆம் ஆண்டிலேயே தோன்றிய பல்கலைக்கழகமும், கோல்ஃப் ஆட்டமும் அந்நகருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தன. அங்கே ஸ்டேஷன் பார்க் என்னும் திடலில் ரக்பி ஆடும் கழகம் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘மெட்ராஸ்’. தமிழகத்தோடு தமக்கொரு தொடர்பு உண்டென்று அறியாமலே அப்பெயரைச் சட்டையில் தாங்கி ஆடிய இளைஞர் தலைமுறை தலைமுறையாகப் பலர் இருந்திருப்பர்.

பெயர் மயக்கம் குத்தாலத்தார்க்குப் புதிதன்று. பாடல் பெற்ற திருத்துருத்தியே நம் குத்தாலம், எனினும் ஊர்ப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் “அருவியில் தண்ணீர் விழுகிறதா?” என்று வெளியூரார் வினவுவதும், அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம் என்று நாம் விடை கூறுவதும் வழக்கமாகிவிட்டன. ஸ்காட்லாந்தின் மெட்ராஸ் அத்தகைய மயக்கத்தால் வந்த பெயரன்று. பட்ட கடனை ஒப்புக்கொண்டு ஒருவர் வைத்த பெயர் அது. அக்கடன் யாரிடம் பட்டது என்பதை அறிய, முதலில் பழைய மாணவர் ரக்பிக் கழகம் என்னும் அமைப்பின் வரலாற்றைக் காண்டல் வேண்டும்.

பள்ளியை விட்டும் ஆட்டத்தை விடாதவர்

ரக்பி என்பது அணிக்குப் பதினைவர் கூடி, முட்டை வடிவப் பந்தைக் கொண்டு ஆடும் ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம், ஆனால் கையால் எறிவதாயின் பின்புறமாகவே எறிதல் வேண்டும். பந்தோடு ஓடுபவனை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். நம் வயல்வெளிச் சடுகுடுவில் பாடி வந்தவனை மடக்கிப் பிடிக்கும் காட்சியை நினைவிற் கொண்டால் இதன் வேகம் ஒருவாறு விளங்கும். எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றுவதற்கு ‘முயற்சி’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே வழங்குகிறது. தொடக்கக் காலத்தில் அச்செயலுக்கு மதிப்பெண் இல்லை. கோலை நோக்கிப் பந்தை உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டுமே அதனால் கிடைத்தது. முயற்சி என்னும் பெயர் அதனால் வந்தது.

இங்கிலாந்திலுள்ள ரக்பி என்னும் ஊர்ப் பள்ளியின் மாணவர்களே 1845இல் இதன் விதிகளை முதன்முதலாக எழுதி வைத்தனர். 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவர் பந்தைக் கையிலெடுத்துக் கொண்டு ஓடியதே இவ்வாட்டத்தின் பிறப்பு என்னும் கதை பலரும் அறிந்ததே. அக்கதை 1876இல்தான், அதாவது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, முதலில் சொல்லப்பட்டது. ஆதலின் அதனைக் கதையென்றே கொள்ளுதல் தகும்.

பள்ளிகளின் வழியே இவ்வாட்டம் ஸ்காட்லாந்தை அடைந்தது. பள்ளியில் ஆடிப் பழகிய இளைஞர், படிப்பு முடிந்து வழக்குமன்றத்திற்கும் வங்கிக்கும் மருத்துவக் கல்விக்கும் சென்ற பின்னர் எங்கே ஆடுவது என்னும் வினா எழுந்தது. எடின்பரோ அகாதெமி என்னும் பள்ளியின் பழைய மாணவர்கள் 1857இல் தமக்கெனக் கழகம் ஒன்றை அமைத்துக் கொண்டனர். எடின்பரோ அகாதெமிக்கல்ஸ் என்னும் அக்கழகமே ஸ்காட்லாந்தின் மிகப் பழைய ரக்பிக் கழகம். அதனைப் பின்பற்றிப் பிற பள்ளிகளின் பழைய மாணவர்களும் கழகம் கண்டனர். ஜார்ஜ் வாட்சன் கல்லூரியின் பழைய மாணவர் கழகம் 1875இலும், ஜார்ஜ் ஹெரியட் பள்ளியின் பழைய மாணவர் கழகம் 1890இலும் தோன்றின. ‘பழைய மாணவர்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளாகிய ‘எஃப்.பி.’ என்பது இத்தகைய கழகங்கள் பலவற்றின் பெயரோடு ஒட்டிக் கொண்டது.

இப்பள்ளிகளிற் சில, அறக்கொடையால் எழுந்தவை என்பது நாம் கருதத்தக்கது. ஹெரியட் என்பவர் மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கு நகை செய்தளித்த பொற்கொல்லர்; தந்தையை இழந்த சிறுவர்களுக்காகத் தம் செல்வத்தை எழுதி வைத்து 1624இல் மறைந்தார். நம்மவர் வக்ஃபு என்று சொல்வதற்கும் இதற்கும் சட்ட நுணுக்கத்தில் வேறுபாடு இருப்பினும், நோக்கத்தில் இரண்டும் உறவுடையனவே.

எடின்பரோ அகாதெமிக்கல்ஸ் கழகத்தாரின் ரேபர்ன் பிளேஸ் திடலில் 1871 மார்ச் 27 அன்று ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. உலகின் முதல் பன்னாட்டு ரக்பிப் போட்டி அதுவே. அந்நாளில் அணிக்கு இருபதின்மர். வெற்றி ஸ்காட்லாந்துக்குக் கிட்டியது.

அதே திடலுக்கு இந்திய வெள்ளியும் ஒருநாள் வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் 1873இல் வெள்ளையர் நிறுவிய ரக்பிக் கழகம் நெடுநாள் நிலைக்கவில்லை. வங்கத்து வெப்பம் இவ்வாட்டத்திற்கு ஒவ்வாமை, படைப்பிரிவு ஒன்று இடம் மாறிச் சென்றமை ஆகியவற்றோடு, கழகத்தின் இலவச மதுக்கூடம் மூடப்பட்டதும் உறுப்பினர் குறையக் காரணமாயிற்று என்பர்! எஞ்சிய நிதியை 270 வெள்ளி ரூபாயாக வங்கியிலிருந்து பெற்று, உருக்கி, இந்தியக் கைவினைஞரைக் கொண்டு கோப்பையாக்கி அனுப்பினர். நாகப்பாம்பு வடிவில் மூன்று கைப்பிடிகளும் மூடியின்மேல் யானையும் அமைந்த அக்கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 மார்ச் 10 அன்று ரேபர்ன் பிளேஸில் முதன்முதல் ஆடின. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கல்கத்தாக் கோப்பைப் போட்டி இன்றளவும் நடைபெற்று வருகிறது.

1871ஆம் ஆண்டுப் போட்டிக்கு மீள்வோம். ஸ்காட்லாந்து அணியின் இருபதின்மருள் ஆல்ஃபிரட் குளூனிஸ்-ராஸ் என்பவர் ஒருவர். இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிற் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்து வழியினர்; தாய் மலாய்ப் பெண்மணி. செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று கொண்டே ஆடியவர். வெள்ளையரின் ஆட்டம் என்று கருதப்பட்டதன் முதல் பன்னாட்டுப் போட்டியிலேயே மலாய்த் தாயின் மகன் ஒருவர் களமிறங்கினார் என்பது பலரும் எடுத்துரைக்காத செய்தி. அவர் பயின்ற பள்ளி எது? செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரின் மெட்ராஸ் கல்லூரி.

மணலில் எழுதிய பிள்ளைகள்

மெட்ராஸ் கல்லூரி என்பது பெயரளவிற் கல்லூரி. உண்மையில் உயர்நிலைப் பள்ளி. அதனை நிறுவிய ஆண்ட்ரூ பெல் 1753இல் செயிண்ட் ஆண்ட்ரூஸில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தின் கண்காணிப்பாளரானார். படைவீரர்களின் பிள்ளைகளே அங்கே பயின்றனர். ஆசிரியர்களோ திறமையும் ஆர்வமும் குன்றியவர்கள்.

ஒருநாள் காலை குதிரைமீது சென்ற பெல், ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரியர் என்றே குறித்தனர் என்பதை நினைவிற் கொள்க. அங்கே சிறுவர்கள் தரையிலமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கொண்டிருந்தனர். ஏட்டுச் செலவில்லை, எழுதுகோல் செலவில்லை, பிழைபட்டால் கையால் நிரவிவிட்டு மீண்டும் எழுதலாம். காப்பகத்திற்குத் திரும்பிய பெல், இம்முறையைக் கையாளுமாறு ஆசிரியர்களிடம் கூறினார். அவர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கடைநிலை வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் இயலாது என்று கைவிட்டதைச் சிறுவன் செய்து காட்டினான். அறிந்த மாணவன் அறியாத மாணவனுக்குக் கற்பிக்கும் முறை காப்பகம் முழுவதும் பரவியது.

1797இல் இலண்டனில் பெல் இதனைச் சிறு நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயர் நிலைபெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதனையொத்த முறையைத் தாமே கண்டதாகக் கூற, இருவர்தம் ஆதரவாளரிடையே நெடுங்காலம் பூசல் நிகழ்ந்தது. எவர் முதலில் கண்டவர் என்று இங்கிலாந்தார் வழக்காடிய அப்பூசலில், மணற்பள்ளியின் தமிழாசிரியர் பெயரை வினவியவர் எவருமிலர்.

மூத்த மாணாக்கன் இளையோர்க்குப் பாடம் சொல்வது நம் நாட்டில் எவரும் ‘கண்டுபிடிக்க’ வேண்டிய ஒன்றாக இருந்ததில்லை. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை யார் என்று நம் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குர்ஆன் ஓதக் கற்கும் மக்தபுகளிலும், ஓதி முடித்த பிள்ளை அலிஃப், பே தொடங்கிய பிள்ளையை அருகிலமர்த்திச் சொல்லிக் கொடுத்தல் இயல்பான நடைமுறையே. மணலில் எழுதுவதும் ஐரோப்பியர் கண்ணில் முன்னரே பட்டதுதான். 1623இல் இந்தியாவின் மேலைக்கரைப் பகுதிகளில் பயணம் செய்த இத்தாலியர் பியேத்ரோ தெல்லா வல்லே, சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு குறித்துள்ளார். நம் குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை வழியே சென்றால் அடையத்தக்க தரங்கம்பாடியில் 1706இல் கரையிறங்கிய சீகன்பால்கு, தமிழ்ப் பள்ளியாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கு மாணவரோடு வரவழைத்து, அச்சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் எழுதியே தமிழ் பயின்றார். பெல் எழும்பூரில் கண்டது காவிரிக் கழிமுகத்தில் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பியர் ஒருவர் பயின்ற முறையாகும்.

அப்பள்ளிகள் ஒருசில அல்ல. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் கணக்கெடுக்கப் பணித்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரரே. 1826இல் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகக் கூறுகிறது. அம்மாணவருள் பெண்கள் மிகச் சிலரே; ஒடுக்கப்பட்டோருள் பெரும்பாலார்க்கு அத்திண்ணைகள் எட்டாதவையாகவே இருந்தன. அக்குறையை மறைத்துப் பழம்பெருமை பேசுதல் முறையன்று.

பெல்லின் முறையிலும் குறையுண்டு. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவரைக் குறைந்த செலவில் பயிற்றலாம் என்பதே இங்கிலாந்தாரை அதன்பால் ஈர்த்தது. ஏழைப் பிள்ளைகள் அனைவர்க்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை என்று பெல்லே பின்னர் எழுதினார். எழுதக் கற்பிக்கும் எளிய வழியை ஏழைகளின் பள்ளியிலிருந்து பெற்றவர் அவ்வாறு எழுதியது வியப்பையும் வருத்தத்தையும் ஒருசேர அளிக்கின்றது. எனினும் 1811இல் அமைந்த தேசியக் கழகத்தின் வழியே ஆயிரக்கணக்கான பள்ளிகளில் மெட்ராஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 1832இல் மறைந்த அவருடைய உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கல்விக்கென அவர் விட்டுச் சென்ற தொகை ஏறத்தாழ 1,20,000 பவுன். அதன் ஒரு பகுதியைக் கொண்டு எழுந்து 1833இல் திறக்கப்பட்டதே செயிண்ட் ஆண்ட்ரூஸின் மெட்ராஸ் கல்லூரி. அருகிலுள்ள கூப்பர் நகரிலும் மெட்ராஸ் அகாதெமி என ஒரு பள்ளி எழுந்தது. அது பிற்காலத்தில் பெயர் மாறிவிட்டது.

மூடிய கதவும் திறந்த கதவும்

குளூனிஸ்-ராஸ் ஆடியது பல்கலைக்கழக அணிக்காக. மெட்ராஸ் கல்லூரியின் பழைய மாணவர்க்கென ரக்பிக் கழகம் அமைந்தது அதற்குப் பின்னரே. ‘மெட்ராஸ் எஃப்.பி.’ என்பது அதன் பெயர்.

பழைய மாணவர் கழகங்களின் வலிமையும் நோயும் ஒன்றே. அந்தப் பள்ளியில் பயின்றவரன்றிப் பிறர் ஆட இயலாது என்பதே விதி. இதனால் உறவு இறுகியது. தந்தை அணிந்த நிறத்தை மகனும் அணிந்தான். ஆனால் எத்துணை வல்லவனாயினும் அயல் பள்ளி மாணவனுக்கு அக்கதவு திறக்கவில்லை. ஊரில் குடிபுகுந்தவன், கடை வைத்தவன், பிற ஊரிலிருந்து வந்த ஆசிரியன் ஆகியோர் திடலின் ஓரத்தில் நின்று பார்ப்பவராகவே இருந்தனர். கட்டணப் பள்ளிகளின் கழகங்களில் இது குலப்பெருமையின் சாயலையும் பெற்றது.

1973ஆம் ஆண்டு வரை ஸ்காட்லாந்தில் கழகங்கள் தத்தமக்குள் பேசி வைத்துக்கொண்டு ஆடின. யாரோடு ஆடுவது, யாரை விலக்குவது என்பது பழக்கத்தையும் நட்பையும் பொறுத்தது. அவ்வாண்டில் தொடங்கிய பருவத்தில் தேசிய அளவிலான தரவரிசைப் போட்டிகள் வந்தன. தோற்றவர் கீழ்நிலைக்கு இறங்க வேண்டியதாயிற்று. ஒரே பள்ளியிலிருந்து பதினைந்து நல்ல ஆட்டக்காரரை ஆண்டுதோறும் திரட்டுவது எளிதன்று. எனவே ஒவ்வொரு கழகமாக விதியைத் தளர்த்தியது, ‘எஃப்.பி.’ என்னும் எழுத்துகள் பல பெயர்களிலிருந்து உதிர்ந்தன. 1995இல் ரக்பி ஊதியம் பெற்று ஆடும் ஆட்டமாக அறிவிக்கப்பட்டபின், பெருங்கழகங்களின் நட்சத்திரங்கள் தொழில்முறை அணிகளுக்குச் சென்றுவிட, பழைய மாணவர் கழகங்கள் உள்ளூர் மக்களை நம்பியே வாழ வேண்டியவை ஆயின. கதவைத் திறந்ததால் கழகங்கள் தம் தன்மையை இழந்தன என்று வருந்திய முதியோர் உண்டு. திறவாதிருப்பின் வருந்துவதற்கும் கழகம் எஞ்சியிராது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

மெட்ராஸ் எஃப்.பி. கழகமும் அவ்வழியே சென்றது. பள்ளித் தொடர்பைக் குறித்த சொல் நீங்கி, அனைவர்க்கும் உரிய ‘மெட்ராஸ் ரக்பி’ என்னும் நகரக் கழகமாகிக் கலிடோனியா வட்டாரப் போட்டிகளில் ஆடுகிறது. நம் கல்லூரிகளின் பழைய மாணவர் மன்றங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, பொன்னாடை போர்த்தி, விருந்துண்டு கலைவதோடு அமைந்துவிடுகின்றனவே என்று நினைப்பவர்க்கு இம்மாற்றத்தில் சிந்திக்கப் பொருளுண்டு. இலங்கைத் தமிழ் முஸ்லிம்களுக்கு இது அயல் ஆட்டமன்று. கொழும்பு ஸாஹிராக் கல்லூரி ரக்பியில் பெயர் பெற்ற பள்ளிகளுள் ஒன்று. தமிழகத்திலோ இவ்வாட்டம் சென்னை ஜிம்கானாக் கழகம் போன்ற சில இடங்களைத் தாண்டி ஊர்ப்புறம் வரவில்லை.

1996இல் நம் தலைநகரம் மெட்ராஸ் என்னும் ஆங்கில வழக்கை விடுத்துச் சென்னை ஆயிற்று. செயிண்ட் ஆண்ட்ரூஸில் பெயர் மாறவில்லை. பெல்லின் கொடையால் சவுத் ஸ்ட்ரீட்டில் எழுந்த பழைய கட்டடம் பல்கலைக்கழகத்தின் கைக்குச் செல்ல, 2021 ஆகஸ்டில் பள்ளி, லாங்லாண்ட்ஸ் என்னுமிடத்தில் எழுப்பிய புதிய வளாகத்திற்குக் குடிபெயர்ந்தது. இன்று அது பைஃப் வட்டார ஆட்சிமன்றம் நடத்தும் பொதுப்பள்ளி. ஆண்களும் பெண்களும் பயில்கின்றனர். புதிய வாயிலிலும் எழுதப்பட்டுள்ள பெயர் மெட்ராஸ் கல்லூரி என்பதே.