முதுமையும் மதுவும்

சபரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களிலே, விடியுமுன் எழுந்து பால் வெட்டச் செல்லும் தொழிலாளிக்கு நாளின் ஒழுங்கை வகுத்துக் கொடுப்பது பெரட்டுக்களமே. ஓய்வு பெற்றதும் அவ்வொழுங்கு அற்றுப் போகின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். வேலையற்ற நீண்ட பகலும் கையிலே மொத்தமாகப் பணமும் ஒருங்கே வந்து சேர்கின்ற காலம் அது. மாலையில் மட்டும் குடித்தவர் காலையிலும் குடிக்கத் தொடங்குவதை இப்பருவத்திலேதான் நான் அதிகம் கண்டிருக்கின்றேன்.

தவறணைகள் இந்நாட்டுக்குப் புதியனவல்ல. ஆங்கில அரசாங்கம் சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டுப் பொருளீட்டியது; 1912இல் மதுவரிச் சட்டம் வந்தபோது மதுவிலக்கு இயக்கம் வலுவாக எழுந்தது. ஆயினும் இளைஞரின் குடியைப் பற்றிப் பேசும் நாம், முதியோரின் குடியை ஏனோ பேசுவதில்லை.

வயது ஏற ஏறச் சரீரத்தில் நீரின் பங்கு குறைகின்றது. ஆதலால் இளமையில் தாங்கிய அதே அளவு சாராயம், முதுமையில் இரத்தத்திலே கூடிய செறிவுடன் நிற்கின்றது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மருந்துகளோடு அது சேர்ந்தால் தலை சுற்றுகின்றது. லயத்துப் படியிலே விழுந்து இடுப்பெலும்பு முறிகின்றது. வீட்டாரோ, "வயசாயிருச்சு" என்று சொல்லி அமைகின்றனர்.

என்னிடம் கற்கும் மாணவன் ஒருவனின் பாட்டனாரைத் திருத்த எண்ணி, அவருடைய மகன் தீபாவளிக்கு மறுநாள் போத்தலை ஒளித்துவிட்டார். முதல் நாள் கைநடுக்கம். இரண்டாம் நாள் உறக்கமில்லை. மூன்றாம் நாள், காம்பிராச் சுவரிலே பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லிக் கையால் தட்டலானார். "தாத்தாவுக்கு ஏதோ புடிச்சிருச்சு சேர்" என்றான் மாணவன். உடுக்கடிக்கவும் ஏற்பாடாயிற்று. நல்லவேளையாகத் தோட்ட மருந்துச்சாலையில் இருந்தவர் விஷயத்தை உணர்ந்து, வலிப்பு வருமுன் அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தார்.

நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது உண்டாகக்கூடிய நோய் இது. உயிரையும் பறிக்க வல்லது. நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் உயிர்ச்சத்து பி-1 ஊசியும் கொடுத்து, வைத்தியர்கள் படிப்படியாகவே குடியை விடுவிக்கின்றனர். எத்தனை காலம், எவ்வளவு குடித்தார் என்பதை வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள்தாம் என்ன செய்வர்? இம்முதியவரின் மனைவியே முதலில் மறைத்தார்; இரவு வெகுநேரம் சென்ற பின்னரே உண்மையைச் சொன்னார்.

பத்து நாட்களில் அவர் வீடு திரும்பினார். இப்போது காலையில் சின்னப் பேத்தியைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்கின்றார். தவறணை இருக்கும் பெருந்தெருவால் அல்ல. இறப்பர் மரங்களுக்கிடையே சுற்றிச் செல்லும் ஒற்றையடிப் பாதையால்.