அசையாம நிக்குதுன்னா பயமில்லைன்னு அர்த்தமா? பிக்ஹார்ன் ஆடுகளை நெருங்கிப் படம் எடுப்பதில் இருக்கும் சிக்கல்!

2014 ஏப்ரல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செம்பாறைகளுக்குப் பேர்போன ஸயான் தேசியப் பூங்கா. மேய்ந்துகொண்டிருந்த பிக்ஹார்ன் ஆட்டு மந்தைக்கு அருகே ஒரு ட்ரோன் பறந்து வந்தது. மந்தை மிரண்டது. பெரிய ஆடுகள் ஒரு பக்கம், குட்டிகள் ஒரு பக்கம் எனப் பிரிந்துபோனதைப் பூங்காவின் தன்னார்வலர்கள் பார்த்துச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தடை உத்தரவு வந்தது. அந்த அறிவிப்பில் உதாரணமாகச் சொல்லப்பட்ட சம்பவங்களில் இதுவும் ஒன்று.

ட்ரோன் போய்விட்டது, சரி. ஆனால் 'இன்னும் கொஞ்சம் கிட்ட போனா செம ஷாட் கிடைக்கும்' என்கிற ஆசை? அது கேமரா வைத்திருக்கும் எல்லோரிடமும் அப்படியே இருக்கிறது.

அந்த ஆசையைக் குறை சொல்லவும் முடியாது. வட அமெரிக்க மலைகளில் வாழும் இந்தக் காட்டுச் செம்மறி அப்படி ஒரு அழகு. வளர்ந்த கிடாவின் கொம்பு கன்னத்தைச் சுற்றி வளைந்து, மறுபடி முன்னால் வந்து நிற்கும். ஜோடிக் கொம்பு மட்டும் சுமார் 14 கிலோ வரை எடை இருக்கும். உடம்பில் இருக்கும் மொத்த எலும்புகளின் எடைக்கு அது சமம். நவம்பர், டிசம்பரில் இனச்சேர்க்கைக் காலம் வந்தால் இரண்டு கிடாக்கள் எதிரெதிரே ஓடிவந்து மோதிக்கொள்ளும். நம்ம ஊர் கிடா முட்டு பார்த்தவர்களுக்குக் காட்சி புரியும். ஆனால் இது செங்குத்துப் பாறை ஓரத்தில், மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும். மோதும் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இதைப் படம் பிடிக்க 400 முதல் 600 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் வேண்டும். அதன் விலைக்கு ஒரு புது பைக்கே வாங்கிவிடலாம். அது இல்லாதவர்கள் காலை நம்பி நடக்கத் தொடங்குகிறார்கள். ஆடு ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கிறது, திரும்ப அசைபோடுகிறது. 'பரவாயில்லையே, பழகிடுச்சு' என்று இன்னும் பத்து அடி.

உண்மையிலேயே பழகிடுச்சா?

இதயம் சொன்ன பதில்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஷீப் ரிவர் என்ற சரணாலயம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் பிக்ஹார்ன் ஆடுகளின் இதயத் துடிப்பை ரேடியோ கருவி மூலம் தொலைவிலிருந்தே பதிவு செய்தார்கள். மலைச் செம்மறிகளைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்த வேலரியஸ் கைஸ்ட் என்ற விலங்கியலாளரும் அந்தக் குழுவில் ஒருவர். 1982-ல் முடிவுகள் வெளியாயின.

வெளியே எந்த மாற்றமும் தெரியாமல் நிற்கும் ஆட்டின் இதயம், உள்ளே எகிறிக்கொண்டிருக்கலாம் என்பது அதில் தெரிந்தது. வெறும் கண்ணால் பார்த்து 'இது பயப்படவில்லை' என்று முடிவெடுப்பது தப்பாகப் போகலாம்.

இன்னொரு முடிவு போட்டோகிராபர்களுக்கு நேரடியாக உறைக்கக்கூடியது. எப்போது ஆடுகள் அதிகம் பதறின? நாயுடன் ஒருவர் வரும்போது. அல்லது மலை முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் திடீரென்று தலைகாட்டும்போது. வண்டிகளுக்கோ பெரிதாக அலட்டிக்கொள்ளவே இல்லை. 215 முறை வண்டிகள் கடந்துபோனதில் 19 முறைதான் இதயத் துடிப்பில் மாற்றம் வந்தது.

அதாவது, பதுங்கிப் பதுங்கி முகட்டின் மேலேறி எட்டிப் பார்க்கும் அந்த 'வைல்ட்லைஃப் ஸ்டைல்' இருக்கிறதே, ஆட்டைப் பொறுத்தவரை அதுதான் இருப்பதிலேயே மோசமான வருகை. காரணம் எளிது. மலைச்சிங்கம் எனப்படும் பூமா அப்படித்தான் மறைந்திருந்து பாயும்.

அப்போ எப்படித்தான் எடுப்பது?

முதலில் விதி. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பிக்ஹார்னிடமிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் தூரம். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 30 மீட்டர். இது குறைந்தபட்சம்தான். அதற்கு முன்பே ஆடு மேய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தால், அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

கார் இருந்தால் காரைவிட்டு இறங்கவே வேண்டாம். ஜன்னல் விளிம்பில் ஒரு துணிமூட்டையை வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒளியாமல், ஆடு உங்களைத் தூரத்திலிருந்தே பார்க்கும்படி, கீழ்ப்பக்கத்திலிருந்து நிதானமாகப் போக வேண்டும். மேல்பக்கம் அதற்கே விட்டுவிட வேண்டும். பிக்ஹார்ன் ஆபத்து என்றால் பாறைச் சரிவை நோக்கித்தான் ஓடும். அந்த வழியில் போய் நின்றால், அதன் வீட்டு வாசலை மறித்த மாதிரி.

'ஆடு போன பாதைதானே' என்று பின்னாலேயே ஏறுபவர்களும் உண்டு. அதன் குளம்பின் விளிம்பு கெட்டியாகவும், உட்பக்கம் மெத்தென்றும் இருக்கும். பாறையைக் கவ்விப் பிடிக்கும். நம்ம ஷூவுக்கு அந்த வசதி கிடையாது. தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் போன்ற இடத்தில் களிமண் பாறை காலடியில் பொலபொலவென உதிரும். ஒரு கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது அது புரிவதற்குள் சறுக்கியிருப்போம்.

மோதல் படத்துக்கு ஓடுவதைவிடக் காத்திருப்பதுதான் கைகொடுக்கும். இரண்டு கிடாக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நடந்தால், சண்டை முடிந்தது என்று கேமராவைக் கீழே போட்டுவிடாதீர்கள். திரும்பி ஓடிவருவதற்காகவே அந்த விலகல். ஷட்டர் வேகம் விநாடியில் 1,600-ல் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல். பனிப் பின்னணி என்றால் எக்ஸ்போஷரை ஒரு புள்ளி கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனி சாம்பலாகிவிடும்.

பாலைவனத்தில் கதை வேறு. கலிஃபோர்னியாவின் ஆன்சா பொரேகோ பூங்காவில் கோடை வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அங்கே ஆடு கட்டாயம் வரும் இடம் தண்ணீர்தான். போட்டோகிராபருக்கு அதைவிட வசதியான இடம் ஏது? ஆனால் மனிதர் உட்கார்ந்திருந்தால் ஆடு குடிக்க வரத் தயங்கும். அதனால் அங்குள்ள கொயோட்டி கேன்யன் பள்ளத்தாக்கை ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை மொத்தமாக மூடிவிடுகிறார்கள். அந்த நான்கு மாதத்தில் அங்கிருந்து ஒரு க்ளோசப்பும் கிடைக்காது. குட்டியோடு வரும் தாய் ஆட்டுக்குத் தண்ணீர் கிடைக்கும்.

கொலராடோவின் ராக்கி மலை தேசியப் பூங்காவில் 'ஷீப் லேக்ஸ்' என்று ஒரு புல்வெளி இருக்கிறது. குளிர்காலம் முடிந்ததும், மலையில் கிடைக்காத தாது உப்புகளுக்காக, ஆடுகள் அங்கே இறங்கி மண்ணை நக்க வரும். நடுவில் தார்ச்சாலை. ஆடுகள் வருவது தெரிந்தால் ஊழியர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தாய்களும் குட்டிகளும் சாலையைக் கடந்து போகும். காருக்குள் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரிலேயே, கண்ணின் கிடைமட்டப் பாவை தெரிகிற தூரத்தில்.