முடி நீங்கினால் போதுமா?

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா தேசம் 1957 மார்ச் 6-ந் தேதி பிரிட்டிஷாரின் பிடியினின்றும் விடுதலை பெற்றது. ஆயினும், எலிசபெத் மகாராணியாரே அந்நாட்டின் அரசியாக நீடித்தார். அக்குறையும் நீங்கி, 1960 ஜூலை 1-ந் தேதி அது குடியரசாயிற்று. குவாமே நிக்ருமா ஜனாதிபதியானார். ஜனங்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியை நாம் குறை கூறோம்.

ஆனால், முடி நீங்கிய இடத்தில் சட்டம் அமர்ந்ததா? விசாரணையின்றிச் சிறையிலிட வகைசெய்யும் தடுப்புக்காவல் சட்டம் 1958-லேயே பிறந்துவிட்டது. குடியரசு வந்த பின்பும் அது மாளவில்லை. காவலிலிருந்தோருக்காக டாக்டர் டான்குவா உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். ஜனாதிபதி பதவியேற்கையில் கூறும் உறுதிமொழிகள் தார்மிகக் கடமைகளேயன்றி, நீதிமன்றம் நிலைநாட்டத்தக்க உரிமைகள் அல்லவென்று 1961-ல் தீர்ப்பாயிற்று.

டான்குவா யார்? 1948-ல் நிக்ருமாவோடு சேர்த்து வெள்ளையர் சர்க்கார் சிறைப்படுத்திய தேசபக்தர். 1960 தேர்தலில் நிக்ருமாவை எதிர்த்து நின்று தோற்றவர். அவர் 1965 பிப்ரவரியில், சுதந்திர கானாவின் சிறையிலேயே உயிர் நீத்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் ராணுவம் நிக்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்தது. எதிரியைக் காவாது விடப்பட்ட சட்டம், அவரையும் காக்கவில்லை.

அரசுரிமையை அகற்ற ஒரு நாள் போதும். ஆள்வோரைச் சட்டத்துக்கு அடங்கச் செய்வதன்றோ குடியரசு!